எதிர்த்தரப்பு இல்லாத கட்டுரைகள்

‘மரம் வளர்ப்போம்’, ‘சாலைப் பாதுகாப்பு’, ‘நூலகத்தின் பயன்கள்’, ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தாத்தா எழுதிய தலைப்பில்தான் பேத்தியும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். தலைப்புகள் பழையவை என்பதுகூடப் பெரிய குறையில்லை. இவற்றை மறுக்க உலகில் ஆளில்லை என்பதுதான் குறை. மரமே வளர்க்கக் கூடாது என்று சொல்பவர் யார்? சாலை விதிகளை மீறுவது நல்லது என்று எந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதியிருக்கிறது? மறுப்பவர் இல்லாத இடத்தில் வாதம் பிறப்பதில்லை, அறிவுரைதான் பிறக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை ‘நாம் அனைவரும் உறுதிமொழி ஏற்போம்’ என்று முடிக்கும்போது, தான் நம்பிய ஒன்றை யாரிடமும் நிறுவிக் காட்டவில்லை. யாரும் கேட்காத உறுதிமொழி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேனாவை மூடுகிறது, அவ்வளவே.

பொதுத்தேர்வு வினாத்தாளைப் பாருங்கள். குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக என்ற வினாவில், முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை உட்தலைப்புகள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். எழுதுகிறவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு எது? எதை முன்னால் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்பது. அந்த முடிவை வினாத்தாளே எடுத்துவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது இடைவெளிகளை நிரப்பும் வேலை. அதையும் வழிகாட்டி உரைநூல்கள் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடுகின்றன.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், வாரத்துக்குச் சில பாடவேளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், நிர்ணயிக்கப்பட்ட தேர்ச்சி விழுக்காடு. விடைக்குறிப்பில் உட்தலைப்புக்கு மதிப்பெண் என்று இருந்தால் உட்தலைப்பைத்தான் எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பார். மாற வேண்டியது வினா.

வாதிட்டு எழுதுவது தமிழுக்குப் புதிதா என்றால், இல்லை. இந்த மொழியின் பழைய நூல்களில் சில, வாதத்துக்காகவே எழுதப்பட்டவை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், நாயகி வஞ்சி நகரில் மாற்றுருவம் கொண்டு, பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைப்பதைக் கேட்கிறாள். அதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகளிடம் போய், ஒரு கூற்றை எப்படி நிறுவுவது என்ற அளவை நூலைக் கற்கிறாள். பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புகள் அங்கே விளக்கப்படுகின்றன. சொல்ல வந்த கூற்று, அதற்கான காரணம், அதைக் காட்டும் சான்று என்று இவற்றை எளிமையாகச் சொல்லலாம். இவை ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகிப் போகும் என்பதையும் அடிகள் பட்டியலிடுகிறார். எல்லாத் தரப்பையும் கேட்டு முடித்த பிறகே அவள் தனக்கான நிலைப்பாட்டுக்கு வருகிறாள். நம் பிள்ளைகள் இந்தக் காப்பியத்தை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று ஒரு மதிப்பெண்ணுக்குப் படிக்கிறார்கள். அதற்குள் வாதம் செய்யக் கற்றுத்தரும் பாடம் ஒன்று இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

நீலகேசி இன்னும் நேரடியானது. குண்டலகேசி என்ற பௌத்த நூலை மறுக்க எழுந்த சமண நூல் அது. குண்டலகேசியில் இன்று நமக்குக் கிடைப்பவை சில பாடல்கள் மட்டுமே. அது என்ன வாதிட்டது என்று அறிய விரும்புகிறவர், அதை மறுத்த நூலின் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. எதிராளியின் கருத்தை எடுத்துச் சொல்லாமல் மறுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

உரையாசிரியர்களும் அப்படியே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முந்தைய இளம்பூரணரின் கொள்கையை எடுத்து வைத்து, அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டிச் செல்வார். மறுக்கப்படும் கருத்து நம் கண்முன் முழுதாக நிற்கும். அதன் பிறகே அடி விழும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு பகுதி உண்டு. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் உடன்பட்டுப் பின் மறுப்பது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிவது என்று நீள்கிறது அது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் அவர் வகுக்கிறார். கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவை அவற்றில் சில. இந்த நான்கை மட்டும் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். தன் கட்டுரையைத் தானே திருத்திக்கொள்ள ஒரு பிள்ளைக்கு வேறு கருவி வேண்டாம். எண்ணூறு ஆண்டுகளாக நம் வீட்டில் இருக்கும் இந்த அளவுகோலை மனப்பாடப் பகுதியாக மட்டும் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பட்டிமன்றம் இந்த மரபின் தொடர்ச்சி இல்லையா என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். ஆனால் மேடையில் கைதட்டல் எதுகை மோனைக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் விழுகிறது. காரணத்துக்கு விழுவது அரிது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் பேச்சுப் போட்டியிலும் கட்டுரையிலும் அடுக்குமொழியையே வாதமாக எண்ணிக்கொள்கிறார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்கள் கிடைத்துவிட்டால் ஒரு பத்தி முடிந்தது என்று ஆகிவிடுகிறது.

அப்படியானால் எப்படிப்பட்ட தலைப்பைக் கொடுப்பது? நம் தெருவிலேயே இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. ஆனாலும் பூக்கடையிலும் காய்கறிக் கடையிலும் கேரி பேக் இன்றும் கைக்கு வருகிறது. ‘பிளாஸ்டிக்கின் தீமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் மண், கடல், கால்நடை என்று வழக்கமான வரிசை வந்து விழும். ‘நம் ஊர்க் கடைத்தெருவில் பிளாஸ்டிக் தடை ஏன் நிலைக்கவில்லை? அதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருக்கும்.

அங்கே பூ விற்கும் அம்மா, ‘இலையில கட்டிக் குடுத்தா இலைக்காசு யாரு தர்றது? வாங்குறவங்க பையும் கொண்டார மாட்டாங்க, ரெண்டு ரூபா கூடவும் தர மாட்டாங்க’ என்பார். பரோட்டாக் கடைக்காரர் சால்னாவை எதில் ஊற்றிக் கொடுப்பது என்று கேட்பார். தூக்குவாளி கொண்டுவருபவர் எத்தனை பேர் என்று அவர் கேட்கும்போது மாணவருக்குத் தன் வீட்டு நினைவு வரும். இப்போதுதான் எதிர்த்தரப்பு என்ற ஒன்று அந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நிற்கிறது. அது கெட்ட மனிதரின் தரப்பு இல்லை, வயிற்றுப்பாட்டின் தரப்பு. அதற்குப் பதில் சொல்லாமல் எழுதினால் கட்டுரை நிற்காது என்று பிள்ளைக்கே தெரியும்.

அப்போது முதலில் மாறுவது கூற்று. ‘பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும்’ என்று தொடங்கியவர், ‘மாற்றுப் பையின் விலையை யார் ஏற்பது என்று முடிவுசெய்யாத தடை, சில்லறை வியாபாரியின் தலையில்தான் விழும்’ என்று எழுதுகிறார். முன்னது முழக்கம், பின்னது வாதம். முன்னதை விடப் பின்னது சிறியது, ஆனால் நிறுவக்கூடியது. எவ்வளவு பெரிதாகச் சொல்கிறோமோ அவ்வளவு சான்று தர வேண்டும் என்ற கணக்கு அந்த ஒரு கட்டுரையிலேயே பிடிபட்டுவிடும்.

இரண்டாவதாக, சொற்கள் தேவைப்படத் தொடங்குகின்றன. அரசு செய்தது தடையா, கட்டுப்பாடா? பொதுமக்களிடம் நாம் கேட்பது தவிர்ப்பையா, குறைப்பையா? மறுசுழற்சி வேறு, மறுபயன்பாடு வேறு. மட்குவது வேறு, சிதைவது வேறு. இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாதமே மாறிப்போகும். சொல்வளம் என்று நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது இப்படித்தான் வரும். வாதத்துக்குத் தேவைப்பட்ட சொல்லைத் தேடி எடுத்தவர் அதை மறப்பதில்லை. பட்டியலில் படித்த சொல் தேர்வு முடிந்த மறுநாள் போய்விடுகிறது.

நம் பள்ளிகள் சொல்வளத்தை இன்னும் நிகண்டு முறையில்தான் கற்பிக்கின்றன. கடலுக்கு ஆழி, பரவை, முந்நீர், புணரி; மலைக்கு ஓங்கல், பொருப்பு, வெற்பு என்று ஒரு பொருளுக்குப் பல பெயர்கள். திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்வித்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. செய்யுள் எழுதுகிறவருக்கு எதுகைக்கும் தளைக்கும் ஏற்ற பெயர் அந்தக் கணமே கைவசம் இருக்க வேண்டும். உரைநடையில் வாதிடுபவரின் தேவை இதற்கு நேர்மாறானது. ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அவருக்குப் பெரிதாகப் பயன்படா. ஒன்றுபோலத் தோன்றும் சொற்களுக்குள் உள்ள வேறுபாடே பயன்படும். கோபம், சினம், வெகுளி என்று மூன்றையும் அடுக்குவது கட்டுரையின் நீளத்தைக் கூட்டும். வருத்தமா, ஏமாற்றமா, அதிருப்தியா, எதிர்ப்பா என்று பிரித்துச் சொல்வது கட்டுரையின் பொருளைக் கூட்டும்.

ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். மாணவர் கட்டுரைகளில் எல்லோரும் ‘கூறினார்’கள். அமைச்சரும் கூறினார், விவசாயியும் கூறினார், அறிஞரும் கூறியுள்ளார். வலியுறுத்தினார், வாதிட்டார், மறுத்தார், ஒப்புக்கொண்டார், சுட்டிக்காட்டினார், எச்சரித்தார், ஐயம் எழுப்பினார் என்று எத்தனை நம்மிடம்! ஒருவர் ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால், அவர் அதுவரை அதை மறைத்தார் அல்லது மறுத்தார் என்று பொருளாகிவிடும். ‘சுட்டிக்காட்டினார்’ என்றால், அவர் சொன்னது உண்மை என்று நாமும் ஏற்றுக்கொண்டதாகும். இந்த ஒரு வினைச்சொல்லிலேயே எழுதுகிறவரின் சார்பு வெளிப்பட்டுவிடுகிறது. செய்தித்தாளின் ஒரு பக்கத்தை எடுத்து இப்படிப்பட்ட வினைகளுக்கு அடிக்கோடு போடச் சொன்னால், பத்திரிகையைச் சந்தேகத்தோடும் மரியாதையோடும் படிக்க ஒரே பாடவேளையில் கற்றுக்கொள்வார்கள்.

இதைவிட முக்கியமானவை இடைச்சொற்கள். எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது இந்த இடம்தான். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. ஏகாரத்துக்கு ஐந்து சொல்கிறது. அவற்றைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். எப்படி? ‘இலக்கணக் குறிப்புத் தருக’ என்ற வினாவுக்கு முற்றும்மை, எண்ணும்மை, பிரிநிலை ஏகாரம் என்று பெயர் சொல்லப் படிக்கிறார்கள். வாதத்தின் எடையைத் தாங்கும் உறுப்புகள் இவையே என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

‘கடைக்காரர்கள் தடையை மீறுகிறார்கள்’ என்பது ஒரு செய்தி. ‘கடைக்காரர்களும் மீறுகிறார்கள்’ என்றால் வேறு யாரோ முன்பே மீறிவிட்டார்கள். அவர்கள் யார் என்று எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும். ‘கடைக்காரர்களே மீறுகிறார்கள்’ என்றால், மீறக் கூடாதவர்கள் மீறுகிறார்கள் என்ற கண்டனமும் உள்ளே வந்துவிடுகிறது. ‘கடைக்காரர்கள்தான் மீறுகிறார்கள்’ என்றால், வாங்குபவர்களை விடுவித்தாயிற்று. ‘பெரிய கடைக்காரர்களாவது மீறாமல் இருக்கலாம்’ என்பதில் சிறு கடைக்காரரின் சிரமத்தை ஒத்துக்கொள்ளும் நியாய உணர்வு இருக்கிறது. ஓரெழுத்து, ஈரெழுத்தில் பழியும் பொறுப்பும் இடம் மாறுகின்றன. ‘எல்லாரும்’ என்று முற்றும்மை போட்டு எழுதினால், மீறாத ஒரே ஒரு கடையைக் காட்டி எதிராளி நம் வாதத்தை முறித்துவிடுவார். ‘பலர்’, ‘பெரும்பாலோர்’, ‘நான் பார்த்த கடைகளில்’ என்று எழுதியவரை அவ்வளவு எளிதில் வீழ்த்த முடியாது. இலக்கண வகுப்பையும் கட்டுரை வகுப்பையும் ஒரே மேசையில் வைத்து நடத்தினால், இலக்கணம் எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

சொல் எங்கிருந்து வரும் என்பதிலும் நமக்கு ஒரு கோணல் இருக்கிறது. வீட்டில் புழங்கும் சொல்லைக் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மை விழுகிறது. ‘போயிட்டாங்க’ என்பதைத் திருத்துவது சரி. அது எழுத்துநடை பற்றியது. ஆனால் ராமநாதபுரத்துப் பிள்ளை ‘கண்மாய்’ என்று எழுதுவதை ‘நீர்நிலை’ என்று மாற்றுவது என்ன நியாயம்? ஊருணி குடிநீருக்கு, கண்மாய் பாசனத்துக்கு. மதகு வழியே தண்ணீர் வயலுக்குப் போகும். கலுங்கு வழியே நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வெளியேறும். இந்த வேறுபாடுகள் தெரிந்த பிள்ளையால், ‘மழை பெய்தும் எங்கள் கண்மாய் நிரம்பவில்லை, வரத்துக் கால்வாய் தூர்ந்துவிட்டது, அதைத் தூர்வாராமல் கரையை மட்டும் உயர்த்தியதால் பயனில்லை’ என்று எழுத முடியும். ‘நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதும் பிள்ளையால் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. ‘நீர்நிலை’ என்ற பொதுச்சொல்லோடு அந்த வாதம் நின்றுவிடுகிறது. கடற்கரைப் பிள்ளைகளிடம் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் இருக்கும் சொற்கள், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் தறிக்கும் பாவுக்கும் இருக்கும் சொற்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்று அகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர்ச் சொற்களுக்கு ஒரு குறிப்பேடு தொடங்கலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

அகராதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. இன்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் எழுதப் பழகும் மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை. 1992இல் முதல் பதிப்பும், 2008இல் இரண்டாவதும், 2020இல் மூன்றாவதும் வந்தன. இன்றைய எழுத்தில் ஒரு சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தருவது அதன் சிறப்பு. சொல்லின் பொருள் தெரிவது ஒன்று. எந்த வினையோடு, எந்த வேற்றுமையோடு அது சேரும் என்று தெரிவது இன்னொன்று. பின்னது தெரியாமல் எழுதப்படும் அரிய சொல், கட்டுரையில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு படி என்ற கணக்கில் அரசு இதை வாங்கிக் கொடுத்தால் அது வீண் செலவாகாது.

அண்மைக் காலத்திலிருந்து வாதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைக் காட்டலாம். ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்ற வேண்டும் என்று அவர் எழுதியபோது, மொழியின் புனிதம் பற்றி முழங்கவில்லை. கற்கும் குழந்தைக்கு எளிமை, அச்சுக் கோப்பவருக்கு எளிமை என்று எவரும் சரிபார்க்கக்கூடிய காரணங்களை வைத்தார். 1935இல் குடிஅரசு இதழில் புதிய வடிவங்களைத் தாமே அச்சிட்டும் காட்டினார். அரசு அதை ஏற்றது 1978இல். அவரோடு உடன்படுகிறவரும் மாறுபடுகிறவரும் அந்த வாதத்தின் கட்டமைப்பை ஆராயலாம். அந்தத் தீர்மானத்தின் பயனைத்தான் இந்தப் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ‘மரம் வளர்ப்போம்’ கட்டுரையை ஒரு செயலி நொடியில் தந்துவிடும், உண்மைதான். நம் ஊர்ப் பூக்கடை அம்மா சொன்னதை அதனால் கேட்டு வர முடியாது. அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் அதற்கு இல்லை.

வாதிட்டு எழுதக் கற்பதன் பயன் தேர்வோடு முடிவதில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதைவிட அதிகம் பேருக்குத் தேவைப்படுவது வேறு: மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் மனு, தகவல் கேட்டு எழுதும் விண்ணப்பம், கிராம சபையில் கொண்டுவரும் தீர்மானம். காரணமும் சான்றும் இல்லாத மனு ஒன்று கோப்பில் எங்கே போய்ச் சேரும் என்று கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏழைப் பிள்ளைக்குத்தான் இந்தத் திறன் முதலில் வேண்டும். வசதியுள்ளவருக்காக எழுதிக் கொடுக்க வழக்கறிஞர் இருக்கிறார்.

பள்ளிக்கல்வித் துறையிடம் கேட்பது பெரிதல்ல. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்களில் ஒரு கட்டுரை வினாவையாவது குறிப்புகள் இல்லாமல், இரு பக்கமும் நியாயம் உள்ள தலைப்பில் கேட்கட்டும். ‘உங்கள் கருத்தை மறுப்பவர் என்ன சொல்வார்? அதற்கு உங்கள் பதில் என்ன?’ என்ற கேள்வியும் அதிலேயே இருக்கட்டும். எந்தப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்றும், எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைத்ததற்குத் தனி மதிப்பெண் என்றும் விடைக்குறிப்பில் எழுதுங்கள். துறையே நடத்தும் தேன்சிட்டு இதழில் ஒரே பொருளில் மாறுபட்ட இரண்டு மாணவர் கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடலாம்.

தமிழாசிரியர்கள் வினாத்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கட்டுரைப் பாடவேளையில் உங்கள் ஊரில் உண்மையிலேயே இரண்டு கருத்து நிலவும் ஒன்றைத் தலைப்பாகக் கொடுங்கள். சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டலாமா, சந்தையை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்று எதுவாகவும் இருக்கட்டும். தாங்கள் ஏற்காத பக்கத்தை முதல் பத்தியில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் படித்தால் ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதச் சொல்லுங்கள். தங்கள் பதிலை இரண்டாவது பத்தியில் எழுதட்டும்.